நாத்தனாரின் வலது புருவம்

மார்ச் 4, புதன்

செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மகள் ஆரம்பித்துவிட்டாள். அருங்காட்சியகத்தில் குடும்பத்தோடு முகமூடி செய்கிறார்களாம், இரண்டு சனிக்கிழமை. பெயரும் கொடுத்துவிட்டாளாம்.

"குடும்பம்னா யாரு யாரு?"

"நீ, நான், அத்தை, அத்தை பையன்."

அத்தையாம்! அந்த நாத்தனாரோடு எனக்குப் பேச்சு நின்று ஒரு வருடம். எல்லார் முன்னாலும், "இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது" என்றவள். அன்றிலிருந்து பிள்ளைகள் பள்ளியில் மட்டும்தான் சந்திக்கிறார்கள். மகள் முகத்தைப் பார்த்தால் மறுக்க முடியவில்லை. சரி, போய்த் தொலைவோம்.

மார்ச் 7, சனி

முதலில் ஒரு பழைய மர முகமூடியைக் காட்டினார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள்ளிருந்து முறைத்தது. நாத்தனார் சாயல்.

அதைப் பார்த்து நாங்கள் செய்ய வேண்டும்: ஒருவர் படுக்க, மற்றவர் அவர் முகத்தில் ஈரப் பிளாஸ்டர் துணியை ஒட்டி அச்செடுப்பது. காயும்வரை வாயை அசைக்கக் கூடாது. பிள்ளைகள் ஜோடி சேர்ந்துகொண்டார்கள், எல்லாம் பேசிவைத்ததுதான். மிச்சம் நாங்கள் இருவர். அவள் விறைப்பாகப் படுத்தாள். பதற்றத்தில், பிளாஸ்டர் பிடித்துக்கொள்ளாமலிருக்க வாசலின் தடவி, கண்ணையும் மூக்குத் துவாரத்தையும் விட்டு ஒட்டி முடித்தேன்.

அப்போதுதான் உறைத்தது – இவளால் இப்போது பதில் பேச முடியாது! விடுவேனா? காதருகே குனிந்து ஒரு வருடத்தையும் கொட்டித் தீர்த்தேன். "நீங்க சொன்னது எவ்ளோ வலிச்சுது தெரியுமா அண்ணி?"

காய்ந்ததும் தூக்கினேன். வரவில்லை. இழுத்தேன். வீல் என்று ஒரு சத்தம். வலது புருவத்துக்கு வாசலின் தடவவே இல்லை நான். பாதிப் புருவம் அச்சோடு வந்துவிட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் முகம் கழுவிக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஐயோ, வேணும்னே செஞ்சேன்னு நினைச்சிருப்பாளோ? சத்தியமா இல்ல. போன் பண்ணவா? பண்ணி என்னன்னு கேக்கறது – புருவம் எப்படி இருக்குன்னா?

மார்ச் 11, புதன்

புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொண்டு வேலைக்குப் போகிறாளாம். மகள் சொன்னாள். பாவமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

மார்ச் 14, சனி

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார் அண்ணி. பென்சில் புருவம் கொஞ்சம் மேலே ஏறி, எதற்கோ ஆச்சரியப்படுகிறவர் மாதிரி இருந்தது.

"படு. இன்னிக்கு என் முறை."

என் இரண்டு புருவத்திலும் வாசலினை அப்பினார். வாய்மேல் துணியை ஒட்டி முடித்த பிறகுதான் பேசினார்.

"அன்னிக்கு நான் பேசினது தப்பு. நம்மள சேத்து வைக்கணும்னு பேர் குடுத்துட்டு வந்திருக்கா பாரு, அந்தப் பொண்ண வளத்தவளப் போய்ச் சொன்னேனே. பதில் பேசாத. காயட்டும்."

அழுகைதான் முதலில் வந்தது. ஆனால் கண்ணுக்கு நேர்மேலே அந்தப் புருவம்! சிரித்துவிட்டேன். பிளாஸ்டர் கன்னத்தில் பிளந்து, முகமூடி உருப்படாமல் போனது. அண்ணி தலையில் அடித்துக்கொண்டார்.

அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு இப்போதுதான் வந்தேன். மகள் வரவில்லை, அங்கேயே தூங்கிவிட்டாள்.