பதினாறாம் ஆண்டு கோடை ராக் விழாவை முதலாம் ஆண்டு என்று அச்சிட்டது குறித்து

அனுப்புநர்
சா. வளர்மதி (வயது 41),
த/பெ. சாமிக்கண்ணு,
தரம் பார்க்கும் பிரிவு, பீங்கான் தொழிற்கூடம்,
விருத்தாசலம்.

பெறுநர்
உயர்திரு சார் ஆட்சியர் அவர்கள்,
விருத்தாசலம்.

பொருள்: விருத்தாசலம் ஸ்டேடியத்தில் 18.05.2025 அன்று நடைபெறவுள்ள கோடை ராக் விழா – பதினாறாம் ஆண்டை முதலாம் ஆண்டு என்று காட்டி அனுமதி பெற்றது – பாதுகாப்பு நிபந்தனை விடுபட்டது – நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

பார்வை: 2010-ஆம் ஆண்டு விழாவுக்கு வழங்கப்பட்ட அனுமதி ஆணை, நிபந்தனை எண் 7.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் மேற்கண்ட தொழிற்கூடத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக, மின்பலகையில் பொருத்தும் பீங்கான் பியூஸ் கட்டைகளைத் தட்டிப் பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை செய்கிறேன். சூளையிலிருந்து வந்த கட்டையைச் சிறு மரக்கோலால் தட்டினால், நல்ல கட்டை கிண்ணென்று ஒலிக்கும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஊமைச் சத்தம் வரும். அதைக் கழித்துவிடுவோம். மனுவுக்கு இது எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். மனுவே இதைப் பற்றியதுதான்.

2. 2008 மே மாதம் சூளை பழுதுபார்ப்புக்காக எங்கள் கூடத்தைப் பத்து நாள் மூடினார்கள். சும்மா இருக்க முடியாமல் என் தம்பி ராஜவேலும், சர்ச் பாடகர் குழுவில் கிதார் வாசித்துக்கொண்டிருந்த பிரேம்நாத்தும், டிரம்ஸ் அடிக்கும் சேரனும் ஒரு குழு தொடங்கினார்கள். மூவருமே சூளை வேலைக்காரர்கள். சூளையின் ஆயிரத்திருநூறு டிகிரி சூட்டை வைத்துக் குழுவுக்கு 'ஆயிரத்திருநூறு' என்று பெயர் வைத்தார்கள். விழா நடத்த அனுமதி கேட்கப் போனபோது எந்தக் கட்சிக் கூட்டம் என்று விசாரித்தார்கள். எந்தக் கட்சியும் இல்லை என்றதும் சந்தேகம் இன்னும் அதிகமாயிற்று. முதல் ஆண்டு இருநூறு பேர் வந்தார்கள். அதில் பாதிப் பேர் என்ன சத்தம் என்று பார்க்க வந்தவர்கள். மறு ஆண்டும் நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் அவர்களே.

3. இரண்டாம் ஆண்டு விழா 24.05.2009 ஞாயிற்றுக்கிழமை. மாலை நான்கு மணிக்குக் கோடை மழை பெய்துவிட்டது. மேடை முழுவதும் இரும்புக் குழாய். மின்பலகைக்கு ஒரு பியூஸ் கட்டை குறைந்தது. நான் வீட்டிலிருந்து ஒன்று எடுத்து வந்து கொடுத்தேன். கூடத்தில் கழித்த கட்டைகள் எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் கிடக்கும். கதவுக்கு முட்டுக் கொடுப்போம், காகிதம் பறக்காமல் வைப்போம். நாளெல்லாம் ஆயிரம் கட்டை தட்டுகிற நான் அந்த ஒன்றைத் தட்டவில்லை. அவசரம், அதோடு என் தம்பியின் விழா என்ற பெருமை. கீறலில் மழைநீர் இறங்கி, பலகை கட்டியிருந்த குழாய்க்கு மின்சாரம் பாய்ந்தது. எர்த் கம்பி போடவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ராஜவேல் பாடுவதற்காக மைக் தாங்கியைப் பிடித்தான். அவனுக்கு அப்போது இருபத்துநான்கு வயது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டான்.

கட்டை எங்கிருந்து வந்தது என்று விசாரணையில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. நானேதான் சொன்னேன்.

4. அடுத்த ஆண்டு நாங்கள் விழாவே வேண்டாம் என்றிருந்தோம். தங்கள் அலுவலகத்தில் அப்போது இருந்த அதிகாரி எங்களை அழைத்துப் பேசி, தடை போடாமல் நிபந்தனை போட்டார். அதுதான் நிபந்தனை எண் 7. மேடையில் உள்ள ஒவ்வொரு பீங்கான் கட்டையையும் பார்வையாளர் முன்னிலையில் தட்டிப் பார்க்க வேண்டும். உரிமம் பெற்ற மின்பணியாளர் எர்த் சோதிக்க வேண்டும். இருவரும் கையெழுத்திட்ட பிறகே எவரும் மைக்கைத் தொடலாம். அன்று முதல் பதின்மூன்று விழாக்களில் கட்டைகளைத் தட்டியது நான்.

ஐயா, தாங்கள் ஒருமுறை நேரில் வந்து கேட்டிருக்க வேண்டும். மைக் கிடையாது, ஒலிபெருக்கி கிடையாது. பெண்ணாடத்திலிருந்து கரும்பு டிராக்டரில் ஏறி வந்தவர்கள், திட்டக்குடி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவர்கள் என்று நான்காயிரம் பேர் பேச்சை நிறுத்திவிட்டு அந்தச் சின்னச் சத்தத்தைக் கேட்பார்கள். 2016-இல் ஒரு கட்டை ஊமைச் சத்தம் கொடுத்தது. மாற்றுக் கட்டை வர நாற்பது நிமிடம் ஆயிற்று. ஒருவர்கூடக் கூச்சல் போடவில்லை. கொரோனா காரணமாக 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகள் மட்டும் விழா நடக்கவில்லை. சென்ற ஆண்டு நடந்தது பதினைந்தாம் ஆண்டு விழா.

5. இந்த ஜனவரியில் சென்னையைச் சேர்ந்த தனியார் நிகழ்ச்சி நிறுவனம் ஒன்று, விழாவைத் தாங்களே பெரிதாக நடத்தித் தருவதாகச் சொல்லி எங்களிடம் வந்தது. குழாய் சுமந்து களைத்துப் போயிருந்த நாங்களும் சந்தோஷமாகச் சம்மதித்தோம். அது எங்கள் முட்டாள்தனம். பஸ் நிலையத்தில் ஒட்டியிருக்கும் சுவரொட்டியில் பெயர் மட்டும் எங்களுடையது. அதற்குக் கீழே 'முதலாம் ஆண்டு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அச்சுப்பிழை என்று நினைத்து நிறுவனத்தின் மேலாளர் திரு. மதிவாணன் அவர்களிடம் கேட்டேன். அவர் அனுமதி விண்ணப்பத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பினார். 'இந்நிகழ்ச்சி இதற்கு முன் நடைபெற்றுள்ளதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்றும், 'விபத்து ஏதேனும் நிகழ்ந்துள்ளதா' என்ற கேள்விக்கும் 'இல்லை' என்றும் எழுதியிருக்கிறார்கள். தங்கள் அலுவலகத்தை ஏமாற்றிப் பெற்ற அனுமதியில் நிபந்தனை எண் 7 இல்லை. புதிய விழாவுக்குப் பழைய நிபந்தனை எப்படி வரும்?

நேரில் போய்க் கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மேடம், செத்த கதையெல்லாம் இப்ப எதுக்கு? புதுசுன்னு போட்டாதான் பர்மிஷன் சீக்கிரம் கிடைக்கும். ஜனங்க ஜாலியா இருக்க வராங்க, நீங்க கட்டையத் தட்டுறதப் பாக்கவா வராங்க?"

6. ஆம், அதையும் பார்க்கத்தான் வருகிறார்கள். ஆனால் அவரிடம் நான் வாதாடவில்லை. அவர்கள் நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும். எங்களை வாசலில் நிறுத்திப் பாஸ் கேட்கட்டும். அதற்கெல்லாம் மனு எழுதுகிற ஆள் நானில்லை. விழாவுக்கு வயதைக் குறைத்தால் அதில் இறந்தவன் இல்லாமல் போகிறான். இறந்தவன் இல்லாவிட்டால் சோதனையும் இல்லை. இந்த ஆண்டும் மேடை இரும்புக் குழாய்தான். மே மாத மழை எந்த நிறுவனத்தைக் கேட்டும் பெய்வதில்லை. மாலை ஆறு மணிக்கு முதலில் மைக்கைப் பிடிக்கப் போவது திட்டக்குடி பெண்கள் குழுவின் அன்பரசி. பத்தொன்பது வயதுப் பெண். அவளுக்கு ஏதாவது ஆனால், யாருக்கும் தெரியாமல் நடந்துவிட்டது என்று இம்முறை ஒருவரும் சொல்ல முடியாது. இந்த மனுவின் தேதி சாட்சி சொல்லும்.

7. ஆகவே, மேற்படி விண்ணப்பத்தில் தரப்பட்ட பொய்த் தகவல் குறித்து விசாரித்து, நிபந்தனை எண் 7-ஐ இந்த ஆண்டின் அனுமதியிலும் சேர்க்குமாறு வேண்டுகிறேன். சுவரொட்டி, மேடைப் பதாகை, நுழைவுச்சீட்டு அனைத்திலும் 'பதினாறாம் ஆண்டு' என்று திருத்த ஆணையிட வேண்டும். கட்டையைத் தட்டும் ஆள் நானாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. காது உள்ள யாரேனும் தட்டட்டும். சோதனை நடக்காவிட்டால் விழாவை நிறுத்திவிடுங்கள். பதினைந்து விழாக்களைப் பாடுபட்டு வளர்த்தவர்களில் ஒருத்தியாகவே இதைக் கேட்கிறேன்.

8. கடைசியாக ஒன்று. என் தாயார் பாஞ்சாலை (வயது 66) கடைக்குப் போன இடத்தில் அந்தச் சுவரொட்டியை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்தார். இன்று காலை நான் இந்த மனுவை எழுதி முடிக்கும்போது கேட்டார்: "இதான் மொத வருசம்னா, அப்ப எம்புள்ள எந்த வருசத்து விழாவுல செத்தான்? ஆபீசருங்களையே கேட்டுட்டு வா."

அவர் கேள்வியையும் இங்கே சேர்த்துவிட்டேன், ஐயா. தாங்கள் பதிலை எழுத்தில் தந்தால் வீட்டில் படித்துக் காட்டுவேன்.

தங்கள் ஆணைக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
சா. வளர்மதி

இடம்: விருத்தாசலம்
நாள்: 28.04.2025