பொன்னம்மாள் வீட்டுக் கதவு

கிட்வாய் நகர், புது டெல்லி
சித்திரை பிறக்க இன்னும் மூன்று நாள்

அன்புக் கண்ணு மதுமதிக்கு,

அம்மா எழுதுவது. உடம்புக்கு இங்கே எனக்கும் அப்பாவுக்கும் ஒரு குறையும் இல்லை, அங்கே அந்தப் பனியிலும் காற்றிலும் நீ சுகமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். மனசுக்கு எப்படி என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லிவிடலாம் என்று நாலு ஞாயிறு நினைத்தேன், நீ திரையில் வந்து சிரித்ததும் என்ன சமைத்தாய், சளி போனதா என்று பேசி வைத்துவிட்டேன். பிளாக்கில் எழுதலாம் என்றால் இனி அதில் ஒரு வரி எழுதவும் எனக்குக் கை வரவில்லை. அதனால் அப்பாவின் ஆபீஸ் பேப்பரில் எழுதிக்கொண்டிருக்கிறேன், எழுத்துக் கூட்டியாவது நீயே படி, போனைக் காட்டி மொழிபெயர்க்காதே. மொழிபெயர்ப்பு என்றாலே எனக்கு இப்போது ஆகாது.

ஏழு வருஷத்துக்கு முன் நீ ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்திலும் உட்கார்ந்து அந்த பிளாக்கைத் திறந்து கொடுத்து, நம்ம காலனியில நடக்கறத எல்லாம் எழுதும்மா, நான் அங்க இருந்து படிக்கிறேன் என்றாய். நானும் விடாமல் எழுதினேன். லிஃப்ட் ஆறாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் நடுவில் நின்று போனது, காய்கறிக்காரன் இப்போது பேட்டரி ரிக்‌ஷாவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்து வெந்தயக்கீரை விற்பது, பார்க்கில் விடியற்காலை வட்டமாக நின்று வேண்டுமென்றே சிரிக்கும் கூட்டம், புறாவுக்குப் பயந்து எல்லோரும் பால்கனிக்கு வலை போட்டது. உன் அப்பா ஜாகிங் போகிறேன் என்று டிராக் சூட் வாங்கி பால் பூத் வரை போய்த் திரும்பியதைக்கூட விடவில்லை. கோயம்புத்தூரிலும் ஷார்ஜாவிலும் முகம் தெரியாத நாற்பது ஐம்பது பேர் படித்துவிட்டு நல்லா இருக்குங்க என்று எழுதுவார்கள், எனக்குத் தலை கால் புரியாது. இங்கே யாரைப் பற்றி எழுதினாலும் பயமில்லை, தமிழில்தானே எழுதுகிறோம், இந்தக் காலனியில் யார் படிக்கப் போகிறார்கள் என்ற தைரியம் வேறு. தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கே இங்கே தமிழில் நாலு வரி சேர்ந்தாற்போல் படிக்க வராதே. லிஃப்டில் எனக்குப் பக்கத்தில் நிற்கிறவரைப் பற்றி முந்தின நாள்தான் கிண்டலாக எழுதியிருப்பேன், அவரும் நமஸ்தே பாபிஜி என்று கும்பிடுவார்.

எதிர்வீட்டு பொன்னம்மாளை உனக்கு நினைவிருக்கும், நீ வந்திருந்தபோது சொதி வைத்துப் போட்டாளே, அந்தத் திருநெல்வேலிக்காரிதான். அவள் வீட்டுக்காரர் அய்யாசாமி பேரில்தான் அந்தக் குவார்ட்டர்ஸ். போன வருஷம் அவர்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் சாந்தகுமாரி, நர்ஸ், இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து வந்தவளுக்கு ஒரு அறையை விட்டிருந்தார்கள். சர்க்கார் வீட்டை வாடகைக்கு விடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும், விடுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். யாராவது கேட்டால் அண்ணன் மகள் என்பார்கள். நம் காலனியில் இருக்கிற அண்ணன் மகள்களை எண்ணினால் ஒவ்வொருவருக்கும் ஒரு டஜன் அண்ணன் இருக்க வேண்டும். ஆனால் பொன்னம்மாள் அவளை நிஜமாகவே மகள் மாதிரிதான் வைத்திருந்தாள். டியூட்டி முடிந்து அவள் எத்தனை மணிக்கு வந்தாலும் சோறு சூடாக இருக்கும், காலை நீட்டி உட்காரச் சொல்லி வெந்நீர் வைத்துக் கொடுப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க உன் நினைப்பு வந்தது. உனக்கு அங்கே அப்படி ஒருத்தி இருக்க மாட்டாளா என்று நினைத்துக்கொண்டே ஒரு மத்தியானம் உட்கார்ந்து அதை அப்படியே எழுதினேன். அண்ணன் மகள் என்று சொல்லும் வழக்கத்தையும் வேடிக்கையாக எழுதினேன். எழுதியதோடு விடாமல் அவர்கள் வீட்டுக் கதவையும் படம் எடுத்துப் போட்டேன், அய்யாசாமியின் பெயர்ப்பலகை, அதற்குக் கீழே கூரியர்காரனுக்காக சாந்தகுமாரி ஒட்டியிருந்த சின்னச் சீட்டு, மேலே பளிச்சென்று வீட்டு நம்பர்.

அது என் ஐந்நூறாவது பதிவு. அந்தப் பெருமை பொறுக்காமல், நம் கட்டிடத்து வாட்ஸப் குழுவில், அதில் எல்லா பாஷைக்காரர்களும் இருக்கிறார்கள், லிங்க்கைத் தூக்கிப் போட்டேன். பெரியவர்களெல்லாம் பூங்கொத்துப் படம் அனுப்பினார்கள். யாரோ ஒருவர் மட்டும் பூங்கொத்து அனுப்பாமல் மொழிபெயர்ப்புப் பொத்தானை அழுத்தியிருக்கிறார். யார் என்று எனக்கு இன்று வரை தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை, அவர் என்ன இல்லாததையா சொன்னார். மூன்றாவது வாரம் வீடு ஒதுக்கும் ஆபீசிலிருந்து இரண்டு பேர் கையில் காகிதத்தோடு வந்து நின்றார்கள். சாந்தகுமாரிதான் தூக்கக் கலக்கத்தில் கதவைத் திறந்திருக்கிறாள். பொன்னம்மாள் ஓடி வந்து பதீஜி ஹை ஜி, மேரி பதீஜி என்று அதே அண்ணன் மகள் கதையைச் சொல்ல, அவர்கள் சண்டை போடாமல் அந்தக் காகிதத்தைக் காட்டினார்களாம், அதில் அவள் வீட்டுக் கதவே அச்சாகி இருந்தது. வீட்டை ரத்து செய்து நோட்டீஸ் வந்துவிட்டது. மகள் வைஷ்ணவிக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை என்று அய்யாசாமி நடையாக நடந்து கெஞ்சியதில் அது முடிகிற வரை தவணை கொடுத்தார்கள்.

அந்தக் காகிதம் இந்தியில் இருந்தது, கீழே என் பெயர் இல்லை, நான்தான் பிளாக்கில் பெயர் போடாமல் கிட்வாய் நகர்வாசி என்று போட்டுக்கொள்கிறேனே. என் பிளாக்கை ஒரு நாளும் திறந்து பார்த்திராத பொன்னம்மாளுக்கு நான் என்று தோன்றவே இல்லை. யாரோ ஆபீசுக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தாள். நினைத்ததும் கீழ்வீட்டு கோமளா மேல் சந்தேகம் போய்விட்டது, துணி உலர்த்தினால் தண்ணீர் சொட்டுகிறது என்று கோமளா அந்த மாசம்தான் சண்டை பிடித்திருந்தாள். பொன்னம்மாள் என் மடியில் தலை வைத்து, அவ தாங்க்கா, அந்தக் கோமளா தான் வேலையக் காட்டிட்டா என்று அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தேன் மது. அன்று நான் செய்த முதல் வேலை என்ன தெரியுமா, வீட்டுக்கு வந்து அந்தப் பதிவை அழித்ததுதான். உன் அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர், பேசாம இருந்துக்க, எனக்கு ரிடயர்மெண்ட்டுக்கு ஒன்றரை வருசந்தான் இருக்குது, நம்ம பேரு எதுக்கு அடிபடோணும் என்றார். அப்பா சொன்னார் என்று சாக்குச் சொல்லவில்லை, எனக்கும் அதுதான் சௌகரியமாக இருந்தது.

பொங்கலுக்கு வருஷா வருஷம் பார்க்கில் எல்லோரும் சேர்ந்து பானை வைப்போமே, இந்த வருஷம் கோமளா வந்தால் நான் வரமாட்டேன் என்று பொன்னம்மாள் சொல்லிவிட்டாள். யார் யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று லிஸ்ட் எழுதி அனுப்புவது எப்போதும் நான்தான். கோமளா பெயரை விட்டுவிட்டு டைப் செய்தது இந்தக் கைதான். பொங்கி வந்தபோது நாங்கள் குலவை போட்டுக்கொண்டு நிற்கிறோம், கோமளா எங்களைக் கடந்து பால் பூத்துக்குப் போனாள். பால் வாங்க யாராவது பட்டுப்புடவை கட்டிக்கொண்டு போவார்களா? யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து வாங்க என்று சொல்லிவிட மாட்டார்களா என்றுதான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். நான் குனிந்து கரண்டியால் கிளறிக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு அற்பத்தனத்தை நான் என் வாழ்க்கையில் செய்ததில்லை, உன்னிடம் சொல்லவே கூசுகிறது.

போன ஞாயிறு அவர்கள் வீடு காலி செய்தார்கள். உத்தம் நகரில் ஒரு இருட்டு வீடு, மெட்ரோ ஸ்டேஷனிலிருந்து ரொம்ப தூரம். சாந்தகுமாரி அதற்கு முந்தின வாரமே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். நான் காபி எடுத்துக்கொண்டு போனேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு பொன்னம்மாள், என்னக்கா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு, நாங்க என்ன கடல் தாண்டியா போறோம் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. கட்டி வைத்த மெத்தை மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் தேவலை. அப்ப கோமளா இல்லியா என்று மட்டும் கேட்டாள். பிறகு, நாலு மாசமா லிஃப்ட்ல அவ ஏறினா நான் இறங்கிருவேனேக்கா, நீங்க பாத்துக்கிட்டுத்தான நின்னிய, எங்கிட்ட அப்புறமா வரலாம், மொதல்ல கீழ போயி அவகிட்ட சொல்லுங்க என்றாள்.

போனேன். கோமளா தோசைமாவுக் கையோடு கதவைத் திறந்தாள், உள்ளே வா என்று சொல்லவில்லை, வாசலில் வைத்தே சொன்னேன். ஒருத்தராவது வந்து நீதான் பண்ணினியான்னு கேட்டிருக்கலாமே, இல்லைன்னு சொல்லணும்னு நான் காத்துண்டே இருந்தேன் என்றாள். அவ்வளவுதான், திட்டவே இல்லை. கையைக் கழுவிக்கொண்டு, முழங்கால் வலிக்காரி, லிஃப்டுக்கும் காத்திருக்காமல் படியேறிப் போனாள். நான் பின்னால் போய்ச் சேர்வதற்குள் இருவரும் தரையில் உட்கார்ந்து பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றிக்கொண்டிருந்தார்கள், இரண்டு பேர் கண்ணும் சிவந்திருந்தது. நானும் ஒரு டபராவை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தேன். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

எப்போதும் போல் புத்திமதி இல்லாமல் கடிதம் முடியாது, கேட்டுக்கொள். உன்னோடு தங்கியிருக்கும் பெண்களைச் சமைக்கும்போதும் தூங்கும்போதும் படம் எடுத்துப் போடுகிறாயே, அவர்களைக் கேட்டுவிட்டுப் போடு. அன்பாகத்தானே போடுகிறோம் என்று நினைக்காதே, நானும் அன்பாகத்தான் போட்டேன். வெயில் வந்தால் வெளியே போய் நில், காலில் சாக்ஸ் இல்லாமல் நடக்காதே. வரன் விஷயம் இதில் எழுதவில்லை என்று சந்தோஷப்பட வேண்டாம், அது போனில் உண்டு.

ஒரே ஒரு காரியம் நீ செய்ய வேண்டும். டெம்போவில் எல்லாம் ஏற்றிய பிறகு பொன்னம்மாள் என்னிடம் வந்து, அப்படி என்ன தாங்க்கா எழுதினிய என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். வாயால சொல்லுங்க என்றாள். நடைபாதையில் நின்று நினைவிருந்த வரை சொன்னேன், சாந்தகுமாரி வந்து காலை நீட்டி உட்காருவது, வெந்நீர், சூடாக இருக்கும் சோறு, அந்த வீட்டில் விளக்கு அணைந்து நான் பார்த்ததில்லை என்று முடித்திருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, நல்லாத்தாங்க்கா எழுதியிருக்கிய என்றாள், அதை ஒரு தாளுல அச்சடிச்சுத் தாங்க, பதிமூணு வருசம் சர்க்கார் வீட்டுல இருந்துட்டு வெறுங்கையோட போறோம், நாங்க இங்க இருந்தோம்னு சொல்ல வேற என்ன இருக்கு என்றாள். என்னிடம் அது இல்லை மது. நான் எழுதுகிற ஒவ்வொன்றும் உன் மெயிலுக்குத் தானாக வந்து சேரும்படி அன்று நீ செய்து வைத்தாய், அங்கே இருக்க வேண்டும். நீ எதையும் திறந்து பார்ப்பதில்லை என்று எனக்கு எப்போதோ தெரியும், கார்த்திகை தீபத்தன்று உனக்கென்றே ஒரு பக்கம் எழுதினேன், மறுநாள் போனில் கார்த்திகை எப்பம்மா என்று கேட்டாய். கோபமில்லை கண்ணு, உனக்கு ஆயிரம் வேலை. திறக்காவிட்டாலும் அழிக்காமல் வைத்திருக்கிறாயா, அது போதும்.

நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் நடுவில், நீண்ட ஆயுளோடு இரு. அப்பாவும் ஆசி சொல்லச் சொன்னார். நவம்பர் மாதத்து மெயிலில் தேடு, மறந்துவிடாதே, பொன்னம்மாள் காத்திருக்கிறாள்.

உன் அம்மா,
அருக்காணி மாணிக்கவாசகம்