இரண்டாம் தரம் அழுத்தாத பொத்தான்

தம்பி,

ரொக்ஸ்பரோ ரயிலை நிறுத்திவிட்டுப் புதுப்பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். பெரிய வியாழனுக்கு முதல்நாள் ஐஸ்மழை கொட்டி, தெருவெல்லாம் மரம் முறிந்து விழுந்து, உயிர்ப்புத் திருநாளுக்கு நாங்கள் இருட்டுக்குள் பாணும் சம்பலும் சாப்பிட்டோமே, அந்த வருடம். அந்த வருடத்து மார்கழியில்தான் உன் கம்பஸ் சோதனை. ஆண்டை இலக்கத்தில் எழுத எனக்குத் தெரியாது. இப்படித்தான் தெரியும்.

இன்றைக்கு மருந்துக்கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் ஃபோன் அடித்தது. அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். மூன்று தரம் கத்தி, மூச்சு வாங்கி, திரும்பவும் மூன்று தரம். என் வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு எழும்பிவிட்டது. மருந்து வாங்காமலே திரும்பி வந்து, உன் மகள் காட்டித் தந்த மாதிரி இந்த ஃபோனை முன்னால் வைத்துச் சொல்லத் தொடங்கினேன். நான் சொல்லச் சொல்ல இது எழுதுகிறதாம். சரியாக எழுதுகிறதோ பிழையாக எழுதுகிறதோ, வாசித்துப் பார்க்க என்னால் ஏலாது. கோயிலில் வாசகம் கேட்டுக் கேட்டுப் பழகின தமிழில் சொல்கிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்.

லாசாலில் பெட்டி அடிக்கிற ஃபாக்டரியை மூடினபோது உனக்கு நாற்பத்தொன்பது வயது. மற்றவர்கள் வேறு ஃபாக்டரி தேடினார்கள். நீ பட்டம் படிக்கக் கம்பஸுக்குப் போனாய். அதுவும் சும்மா இல்லை. நாலு நாள் மென்பொருள் கம்பனி ஒன்றில் வேலை, ஒரு நாளும் இரண்டு பின்னேரமும் படிப்பு. கம்பனியில் பிழை விட்டால் படிப்பும் போகும், படிப்பில் தவறினால் கம்பனியும் போகும் என்று நீதான் சொன்னாய். உன் மனுசி ஜெசிந்தா பகிடி விடுவாள்: "அத்தான், உங்கடை தம்பிக்கு ரெண்டு மனுசி. ஒண்டு கம்பனி, ஒண்டு கம்பஸ். நான் மூண்டாவது, சோறு போட மட்டும்." நீ சிரிக்கமாட்டாய். வாயில் பாணும் கையில் புத்தகமுமாக பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருப்பாய். பஸ்ஸில் காதுக்குள் பாடம் கேட்பாய். ஒரு நாள் அப்படியே இறங்காமல் பஸ் முடிகிற இல்-பிசார் மட்டும் போய்விட்டு, வேலைக்குப் பிந்திப் போனாய்.

உங்கள் கம்பனி செய்தது என்னவென்று எனக்கு விளங்கும்படி சொல்லியிருந்தாய். நடக்கமாட்டாத வயோதிபரையும் நோயாளிகளையும் வாசலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வான்கள். எந்த வான் எந்த வீட்டுக்கு என்று சொல்வது உங்கள் மென்பொருள். அது படுத்தால் வான் நகராது. ஆகவே கிழமைக்கு ஒருத்தர் காவல். நீங்கள் அதை ஒன்-கோல் என்பீர்கள். ஃபோன் அடித்தால் அந்த ஆள் பச்சைப் பொத்தானை அழுத்த வேண்டும்.

"பச்சையை அழுத்தினா என்ன அர்த்தம் தெரியுமோ, அண்ணை? நான் பாக்கிறன், மற்ற ஆக்கள் நித்திரை கொள்ளலாம் எண்டு அர்த்தம். அழுத்தாட்டி அஞ்சு நிமிசத்திலை அடுத்த ஆளுக்குப் போகும்."

அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை.

பிழை விட்டது நீ. புதுக்குழந்தை பிறந்த பொடியன் ஒருவன் தன் காவல் கிழமையை மாற்றித் தரக் கேட்டான். இருபது வயதுக்காரர் நடுவில் உன்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்டான் என்ற சந்தோசப் புழுகத்தில், நாட்காட்டியைப் பாராமல் ஓம் என்றுவிட்டாய். பேந்துதான் பார்த்தாய்: சோதனையும் அந்தக் கிழமைதான்.

"போய்ச் சொல்லன்ரா," என்றேன்.

"சொன்னா, கிழவனுக்கு நாள் மாறிப்போச்சு எண்டு சிரிப்பாங்கள்."

"சிரிச்சா பல்லுத்தானே தெரியும்."

"உங்களுக்கு விளங்காது, அண்ணை."

சோதனை மண்டபத்துக்குள் ஃபோன் கொண்டுபோக ஏலாது. அதனால் என்னைக் கூட்டிக்கொண்டு போய் வெளியே மரவாங்கில் இருத்தினாய். ஃபோனை என் கையில் வைத்து, அடித்தால் பச்சையை அழுத்துங்கள், நான் வந்து பார்க்கிறேன் என்றாய். "ஒரு மாசமா ஒருக்காலும் அடிக்கேல்லை. இண்டைக்கும் அடிக்காது," என்றாய். ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். கதவில் ஒரு முழம் கண்ணாடி. அதற்குள்ளால் உன் முதுகும் வழுக்கை விழத் தொடங்கின பிடரியும் தெரிந்தன. பன்னிரண்டு மணி மட்டும் சோதனை.

பத்து அடித்துக் கொஞ்சத்தால் அது கத்தியது.

மண்டபத்துக்குக் காவல் நின்ற அம்மா விரலை உதட்டில் வைத்தார். நான் பச்சையை அழுத்தினேன். சத்தம் நின்றது. எனக்குப் பெருமைகூட வந்தது, சொன்ன வேலையைச் செய்துவிட்டேன் என்று.

பிறகுதான் அழுத்தினதன் அர்த்தம் உறைத்தது. நான் பார்க்கிறேன் என்று அல்லவா சொல்லிவிட்டேன்? யார் பார்க்கிறது? நீ உள்ளே குனிந்திருக்கிறாய். நான் ஃபோனைப் பார்க்கிறேன், அதில் இருக்கிற ஒரு எழுத்தும் எனக்குத் தெரியாது. மற்றவர்கள் எல்லோரும் என்னை நம்பித் தங்கள் வேலையில் இருக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே காற்றில் பனி பக்கவாட்டில் ஓடியது. தெருவில் ஒரு கிழவி தடியை ஊன்றி பஸ்ஸுக்கு நின்றாள். அவளைப் பார்த்தால் வான் ஞாபகம், கண்ணைத் திருப்பினால் உன் பிடரி. அரை மணித்தியாலம் இப்படிப் போனது.

திரும்பவும் கத்தியது. அதே பச்சை, அதே இடத்தில். எனக்கு ஒரு குழப்பமும் இல்லை, தம்பி. இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அழுத்தினால் உன் இடம் தப்பும், வான் நிற்கும். விட்டால் வான் ஓடும், நீ காவலில் இல்லை என்பது தெரிந்துபோகும். எல்லாம் விளங்கித்தான் கட்டைவிரலை மடக்கி மற்ற விரல்களுக்குள் வைத்துக்கொண்டேன். ஃபோனைச் சால்வைக்குள் சுற்றி ஐந்து நிமிடம் நெஞ்சோடு அமத்திப் பிடித்தேன்.

அது நின்றதும் வேறு மணி அடித்தது. எடுத்தேன். உன்னோடு வேலை செய்த சென்னைப் பிள்ளை, கவிதா. அவள்தான் அந்தக் கிழமை அடுத்த ஆள்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? வேன் ஒண்ணு கூட நகரல!"

"பிள்ளை, நான் அவன்ரை அண்ணன்."

"ஐயா, அவரு எங்க?"

"உள்ளுக்கை சோதனை எழுதுறான்."

"ஐயையோ, எக்ஸாம் இன்னைக்கா? சொல்லவே இல்லையே! அப்போ மொதல் தடவை ஓகே குடுத்தது யாரு?"

"நான்தான்."

"இப்ப ஏன் குடுக்கல? பட்டன் தெரியலையா?"

"தெரிஞ்சது, பிள்ளை. தெரிஞ்சுதான் விட்டனான்."

"சரிங்க ஐயா. வைங்க, நான் பாத்துக்கறேன்."

கால் மணித்தியாலத்தில் சரிப்படுத்திவிட்டாளாம்.

பன்னிரண்டுக்கு நீ சிரித்துக்கொண்டு வந்தாய். அந்தப் படிப்புக் காலத்தில் நீ அப்படிச் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். "வெளுத்துக் கட்டிப்போட்டன், அண்ணை! அடிச்சதோ?"

"ரெண்டு தரம்."

ஃபோனைப் பறித்துப் பார்த்தாய். உன் முகத்தில் இருந்த இரத்தம் இறங்கினதைக் கண்ணால் கண்டேன்.

"ஏன் ரெண்டாந்தரம் அழுத்தேல்லை?"

அப்போது நான் பொய் சொன்னேன். "நிறம் மாறிக் கிடந்த மாதிரி இருந்தது. எழுத்துத் தெரியாதவனுக்கு என்னடா விளங்கும்?"

"ஒரு பொத்தான், அண்ணை. ஒரு பொத்தான்!" என்று மெட்ரோப் படியில் நின்று கத்தினாய். சனம் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எழுத்தில்லாதவன் என்ற பெயர் வாழ்க்கை முழுதும் எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கு அதற்குள் ஒளிந்துகொண்டேன்.

கம்பனி உன்னைத் துரத்தவில்லை. கவிதா உனக்காக நின்று கதைத்தாள் என்று நீயே சொன்னாய். என்னைப் பற்றி மட்டும் அவள் வாய் திறக்கவில்லை. ஆனால் அடுத்த தவணை படிப்பு வேண்டாம், முதலில் வேலையில் நம்பிக்கை காட்டு என்று உங்கள் பெரியவர் சொல்லிவிட்டார். ஒரு தவணை பின்னுக்குப் போனது. தவக்காலம் முழுதும் நீ என்னோடு கதைக்கவில்லை. பிறகு கதைத்தாய், பழையபடி சோறு போட்டாய், மன்னித்தும்விட்டாய். செய்யாத பிழைக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு உன் மேசையில் சாப்பிட்டேன்.

போன ஆவணியில், கடைசித் தவணை தொடங்க மூன்று கிழமை இருக்க, உன் நெஞ்சு நின்றுபோனது. சவப்பெட்டிக்குள் உன்னைப் பார்த்தபோது எனக்கு அழுகைக்கு முன் கணக்குத்தான் வந்தது: அந்த ஒரு தவணை பிந்தாமல் இருந்தால் நீ பட்டம் வாங்கிக்கொண்டு போயிருப்பாய். கவிதா பக்கத்தில் வந்து நின்று மெல்லக் கேட்டாள்: "அண்ணாகிட்ட சொன்னீங்களா, ஐயா?" இல்லையென்று தலையாட்டினேன்.

இரண்டாம் தரம் அழுத்தாததற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, தம்பி. பொய்க்குக் கேட்கிறேன். முதல் தரம் அழுத்தினதற்கு உன்னிடம் கேட்டுப் பிரயோசனம் இல்லை. அது வேறு ஆட்களிடம் கேட்க வேண்டியது.

சிறுநீரகம் பழுதாகி என் இரத்தத்தையும் ஆஸ்பத்திரி மெஷினில் சுத்தம் செய்யத் தொடங்கினது உனக்குத் தெரியும். கிழமைக்கு மூன்று தரம் அந்த வானில்தான் போகிறேன். நீ இருந்தபோதே ஒரு நாள், அரைகுறைப் பிரெஞ்சில், நீண்ட நாளாய் வருகிறவர்களைக் கேட்டேன்: ஐஸ்மழை வருடத்து மார்கழியில் ஒருநாள் காலமை வான் வராமல் நின்றதே, ஞாபகமோ? எங்கள் அறையில் நாலு பேருக்கு ஞாபகம் இருந்தது. வாசலில் நின்று உறைந்துபோனோம் என்று நாலு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். "எவனோ ஒருத்தன் நித்திரை கொண்டிருப்பான்," என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்த நாலு பேரில் மிசியே லூசியன் நான் கேட்ட பனிக்காலத்திலேயே போய்விட்டார். ஹெயிட்டிக்காரன் பியேர் நீ போவதற்கு இரண்டு மாதம் முந்தி. மதாம் ரீட்டாவின் கதிரை இந்தத் தை மாதம் வெறுமையானது. உனக்குச் சொல்லப் பிந்தினதுபோல ஒவ்வொருவருக்கும் பிந்திக்கொண்டு வருகிறேன். நித்திரை கொண்டிருப்பான் என்று சொன்னவள் மட்டும் இருக்கிறாள். அவளிடமும் இன்னும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு நேர் எதிர்க் கதிரை. பெயர் மதாம் கொலெத்.