அரிசிக்குள் மாத்திரை டப்பா

பிப்ரவரி 6, வெள்ளி

காலையில் நல்ல வெயில், மூன்று மணிக்கு மேல் மஞ்சு மூட்டம். குன்னூரில் துணி காய்வதும் ஒரு அதிர்ஷ்டம்தான். மகள் தர்ஷுவின் ஸ்கூல் யூனிஃபார்மை இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன்.

டீ ஃபாக்டரி ஆபீசில் பச்சை இலை பில் தலைக்கு மேல். நடுவே வக்கீல் மேடம் போன். தர்ஷுவின் அப்பா மனு போட்டிருக்கிறார் (இந்த நோட்டில் சி. மட்டும், விவாகரத்துக்குப் பிறகு முழுப் பெயர் எழுதக் கை வருவதில்லை). மே லீவில் ஒரு வாரம் தர்ஷு அவரிடம் இருக்க வேண்டுமாம்.

"ஏனுங்க, நீங்க சரின்னா சரி. வேண்டாம்னா எதிர்மனு போடோணும். செவ்வாய்க்குள்ள சொல்லிப்போடுங்க."

ஏழு ராத்திரி.

இரண்டு வருடமாக மாதம் இரண்டு ஞாயிறு, பார்க்கில், பத்து முதல் பன்னிரண்டு வரை. பக்கத்து பெஞ்சில் காவலுக்கு என் அண்ணன், ஒரே பேப்பரை இரண்டு மணி நேரம் படிப்பார். சி. முதலில் நீட்டுவது யூரின் டெஸ்ட் ரிப்போர்ட், அப்புறம்தான் சாக்லேட். இதுவரை எல்லா ரிப்போர்ட்டும் சுத்தம்.

இந்த ஞாயிறுதான் முதல்முறை முழு நாள். காவல் இல்லை. மேட்டுப்பாளையத்தில் அவர் அக்கா வீடு. கோர்ட் சொன்னது, நானும் தலையாட்டினேன்.

பிப்ரவரி 7, சனி

வாங்க: பீன்ஸ், தேங்காய், தர்ஷுவுக்குத் தொப்பி (கீழே வெயில் கொளுத்தும்), வாந்தி மாத்திரை.

மலை இறங்கினால் தர்ஷு நாலாவது வளைவு தாங்க மாட்டாள். மெடிக்கலில் இரண்டு கேட்டேன். "பிரிச்சுத் தர்றதில்லீங்க, அட்டையா எடுத்துக்கோங்க." பத்து மாத்திரை.

வந்ததும் அரிசி டிரம்முக்குள் கைவிட்டு மாத்திரை டப்பாவை எடுத்தேன். புது அட்டையை உள்ளே போட்டு மறுபடி புதைத்தேன். தர்ஷு பார்த்துக்கொண்டே இருந்தாள். "அம்மா, எல்லாரு ஊட்லயும் மாத்திர அரிசிக்குள்ளதான் இருக்குமா?"

"ஆமா."

எட்டு வயதுப் பிள்ளையிடம் கூசாமல் ஒரு பொய்.

இப்படி ஒளித்து வைப்பது, சி. எங்களோடு இருந்த கடைசி வருடத்தில் தொடங்கிய பழக்கம். அவருக்கு லாரியில் அடிபட்டு முதுகுவலி, அதற்கு மாத்திரை. வலி போனது, மாத்திரை போகவில்லை. பிறகு தலைவலி மாத்திரை, தூக்க மாத்திரை, வீட்டில் யாருடையது கிடைத்தாலும். தினமும் அட்டைகளை எண்ணுவேன். கதவு தட்டும் விதத்திலேயே எத்தனை உள்ளே போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

விரல் மரத்துப் போகிற குளிர். புளிசாதம், உருளைக்கிழங்கு வறுவல். பஸ் ஸ்டாண்டுக்கு சி. கீழிருந்து முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தார். இப்போது மண்டியில் காய்கறி மூட்டை எடை போடும் வேலை. முகம் தெளிந்திருக்கிறது. ரிப்போர்ட்டை நீட்டினார், வாங்கிக்கொண்டேன்.

"ஆறு மணிக்குக் கொண்டாந்து உட்டர்றேன்."

"சரிங்க."

அவ்வளவுதான் பேச்சு. பஸ் கிளம்பியது.

8.15. வீட்டுக்கு வந்து அரிசி எடுக்கும்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு மாத்திரை கொடுத்து, திரும்பி வர ஒன்றைப் பிரித்து வைத்துவிட்டு மிச்சத்தை நான் எடுத்துக்கொள்ளலாம் என்று, காலையில் டப்பாவிலிருந்து எடுத்த அட்டையை தர்ஷு பையில் வைத்திருந்தேன். ரிப்போர்ட் வாங்கிய படபடப்பில் மறந்தே போனது. கோர்ட், வக்கீல், இரண்டு வருடக் காவல். கடைசியில் நானே பத்து மாத்திரையை அவரோடு அனுப்பியிருக்கிறேன்.

போனை எடுத்தேன். என்ன சொல்வது? பையில் மாத்திரை இருக்கிறது, தொடாதீர்கள் என்றா? வைத்துவிட்டேன்.

10.00. பீன்ஸ் நறுக்கினேன். நாலு பேருக்கு ஆகும். சாப்பிட நான் ஒருத்தி.

11.30. அண்ணன் வந்தார். சொல்லவில்லை. சொன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு மலை இறங்கிவிடுவார்.

6.05. வந்துவிட்டார்கள். சி. நிதானமாகத்தான் நடந்து வந்தார். சட்டையில் காய்ந்த வாந்திக் கறை. தர்ஷுவுக்கு வாய் ஓயவில்லை: அத்தை வீட்டு ஆட்டுக்குட்டி, மண்டித் தராசில் அவளையும் நிறுத்தார்கள், இருபத்து நாலு கிலோ.

சி. வாசலிலேயே நின்றார். "பையில அட்டை இருக்குது. எண்ணிப் பாத்துக்கோ."

"மறந்து வெச்சுட்டனுங்க."

"தெரியும்." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டார்.

நடந்ததை தர்ஷு சொன்னாள். பையில் மாத்திரை இருக்கிறது என்று இவள் சொன்னதும், அப்பா பையைத் திறக்காமல் அப்படியே கண்டக்டரிடம் கொண்டுபோனாராம். "ஏனுங்ணா, நான் மாத்திரைக்கு அடிமையாக் கெடந்தவனுங்க. தொடக்கூடாது. புள்ளைக்கு ஒண்ணு பிரிச்சுக் குடுத்துட்டு, எறங்குற வரைக்கும் மிச்சத்த நீங்களே வெச்சுருங்க."

"பஸ்ஸே திரும்பிப் பாத்துச்சும்மா." மாத்திரை வேலை செய்வதற்குள் அப்பா சட்டையில் இவள் வாந்தி எடுத்துவிட்டாள். கீழே அட்டை அத்தையிடம். திரும்பும்போது அத்தை ஒன்று கொடுத்து அனுப்ப, வழி முழுக்க இன்னொரு கண்டக்டரிடம்.

எண்ணினேன். எண்ணாமல் இருக்க முடியவில்லை. எட்டு. சரியாக இருந்தது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தூறல். பில்லில் இரண்டு தப்பு, மேனேஜர் முறைத்தார்.

அடிமை என்ற அந்த ஒரு வார்த்தையை அவர் வாயால் கேட்கத்தான் எத்தனை சண்டை போட்டேன். என்னிடம் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை, முன்பின் தெரியாத பஸ்ஸுக்கே சொல்லியிருக்கிறார். கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருக்கிறது. மறுபடி சேர்ந்து வாழ்வேனா? மாட்டேன். ஆனால் தர்ஷுவுக்கு ஒரு அப்பா இருக்கிறார். இதை நினைத்தால் மனசு லேசாகிறது. நேற்றைய பீன்ஸ் இன்றைக்கும்.

பிப்ரவரி 10, செவ்வாய்

வெயில். துணி காய்ந்தது.

வக்கீல் மேடத்துக்குப் போன்: சம்மதம். அக்கா வீட்டில்தான் இருக்க வேண்டும், ரிப்போர்ட் வழக்கம்போல.

"யோசிச்சுத்தான் சொல்றீங்ளா?"

"ஆமாங்க."

சாயங்காலம் டிரம்மிலிருந்து டப்பாவை எடுத்துத் துடைத்து, மேல் அலமாரியில் சர்க்கரை டப்பா பக்கத்தில் வைத்தேன். தர்ஷு டிரம்முக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்ப இதுக்குள்ள இனி என்னம்மா வெப்பே?"

"அரிசி" என்றேன்.