நூடில்ஸ் சோற்றில் சேராது

02.07.2025 புதன்

இன்று என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். தங்கச்சி கேதீஸ்வரியின் மகள் யசோதினிக்குக் குருக்கள்மடம் ஊரில் ஒரு கலியாண இடம் வந்திருக்கிறது. பொடியன் வினோஜன், வயரிங் வேலை. தாய் வசந்தாதேவிக்குப் பெண்ணோடு ஆறுதலாக இருந்து கதைக்கவேணுமாம். ஆனால் பேச்சு முற்றாகுமுன் பெண்வீட்டில் சோறு தின்றால் சம்மதம் என்றாகிவிடும். வெறும் தேத்தண்ணியோடு எவ்வளவு நேரம் இருப்பது? எல்லாரும் முழித்தார்கள். நான் சொன்னேன்: மட்டக்களப்பு டவுனில் கொழும்புக் கம்பனி ஒன்று புதிதாக நூடில்ஸ் கடை திறந்திருக்கிறது. கடை வீடில்லை, நூடில்ஸ் சோறில்லை. ஒருவரையும் கட்டாது! எட்டாம் வகுப்போடு நின்றவன் கண்டுபிடித்த சட்டம் இது.

கேதீஸ்வரி மட்டும், "அண்ணன், முந்தின ரெண்டு இடமும் உங்கட வாயாலதான் போன. இந்த முறை வாயத் திறக்கப்படா," என்றாள்.

ஓம் என்றேன். முதல் இடத்தாரிடம் எனக்கு நூறு ஏக்கர் வயல்வட்டை என்று சொன்னது உண்மைதான். வரம்பில் நின்றால் கண்ணுக்கு அவ்வளவு தெரியும்.

05.07.2025 சனி

இதுவும் போனால் இனி ஒருவர் முன்னாலும் வந்து இருக்கமாட்டேன் என்று யசோதினி தாயிடம் சொன்னாளாம். என்னிடம் சொல்லவில்லை. கோழிக்குத் தீன் போட்டுக்கொண்டு சிரித்தாள், அவ்வளவுதான்.

06.07.2025 ஞாயிறு

கடைக்குள் குளிர் என்றால் குளிர், நுவரெலியா தோற்கும். அரை மணித்தியாலம் வாய் திறக்கவில்லை. சரி, ஐந்து நிமிடம். யாருமே கதைக்கவில்லை, வசந்தாதேவி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தா. அந்த அமைதியை யார் தாங்குவது? "இந்தக் கடை முதலாளி என்ட கூட்டாளி. சிங்கப்பூர்ல ஒண்டாத் திண்ட நாங்க," என்றேன். நான் இருந்தது கட்டாரில். ஆனால் பிளேன் அந்தப் பக்கத்தாலும் போயிருக்கும்தானே?

சாப்பாடு வந்தது. கோப்பை பெரிது, உள்ளே ஒரு பிடி நூடில்ஸ். கட்டிபட்டு, நடுவில் சூடே இல்லாமல். இறால் என்று போட்டது றப்பர். வாவிக்கரையில் இருந்துகொண்டு கொழும்பில் உறைந்து வந்த இறாலைத் தின்ன வைத்தான் பாவி! ஆனாலும் நான், "ஆகா, அசல் சிங்கப்பூர் ருசி," என்றேன்.

வசந்தாதேவி முள்ளுக்கரண்டியில் சுற்றினா, சுற்றினா, வாய்க்குப் போகவில்லை. "எப்பிடிப் புள்ள?" என்று யசோதினியைக் கேட்டா. நல்லது சொல்லு என்று மேசைக்கடியில் அவள் காலைத் தட்டினேன். அது வினோஜனின் கால்.

யசோதினி சொன்னாள்: "நல்லா இல்ல அன்ரி. கஷ்டப்பட்டுச் சாப்பிடாதீங்க. மாமா சிங்கப்பூருக்குப் போகவுமில்ல."

வசந்தாதேவி சிரிக்கவில்லை. கோப்பையைத் தள்ளிவைத்தா. "போய்ச் சொல்லி அனுப்புறம்," என்றா.

முந்தின இரண்டு இடத்தாரும் இதே சொல்லைத்தான் சொன்னார்கள்.

07.07.2025 திங்கள்

கேதீஸ்வரி எனக்குச் சீனி போடாத தேத்தண்ணி தந்தாள்.

11.07.2025 வெள்ளி

ஒரு செய்தியும் இல்லை. ஆடி பிறக்கப்போகிறது. பிறந்தால் யார் நல்ல காரியம் எடுப்பார்கள்? கோபத்தில் யசோதினியிடம் கத்திவிட்டேன் — "நல்லாருக்கெண்டு ஒரு சொல்லுச் சொன்னா வாய் வெந்து போகுமாடி?"

"பிறகு காலம் முழுக்க அதையே தின்னச் சொல்லுவாங்க மாமா," என்றாள்.

இன்று கோழிக்கு நான்தான் தீன் போட்டேன்.

16.07.2025 புதன். ஆனி கடைசி நாள்.

மத்தியானம் வாசலில் ஓட்டோ சத்தம். வசந்தாதேவியும் வினோஜனும்! வருகிறோம் என்று ஒரு போன் கோல்கூட இல்லை. கேதீஸ்வரி தேத்தண்ணி வைக்க ஓடினாள். வசந்தாதேவி மறித்தா.

"தேத்தண்ணி வேணாம் கா. அண்டைக்கு அந்தக் கடையில பசியோட எழும்பின நான், இன்னும் ஆறல்ல. சோறு கிடக்கா?"

கேதீஸ்வரி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான், "எங்கட வீட்டுச் சோறெண்டா..." என்று தொடங்கினேன்.

"நீங்க இரிங்க அண்ணன். எப்பிடியெண்டு புள்ள சொல்லட்டும்."

யசோதினி சொன்னாள்: "சோறு நல்லம் மாமி. மீன்குழம்புலதான் உப்புக் கூடிப்போச்சு."

வசந்தாதேவி கை கழுவப் போனா.

வினோஜன் இரண்டாம் தரமும் சோறு வாங்கினான். எனக்கு எதிரே இருந்தவன், காலை மட்டும் நன்றாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டான்.

குழம்பில் உப்பு உண்மையாகவே கூடத்தான்.