ஓடுதா, நிக்குதா?

இன்று பகலில் சர்வீஸ் கவுண்டருக்கு வந்த ஒருவர் வாயாலேயே தன் காரை ஓட்டிக் காட்டினார். இந்த வேலையில் அது வழக்கம்தான். வண்டிக்கு என்ன கோளாறு என்று கேட்டால் பாதிப் பேர் வார்த்தையில் சொல்ல மாட்டார்கள், தொண்டையிலும் மூக்கிலும்தான் சொல்வார்கள். நேற்று ஒரு தமிழ் வாத்தியார் பல்லைக் கடித்துக்கொண்டு ‘கொர்ர்ர்’ என்று காட்டியதில் பின்னால் நின்ற குழந்தை அழுதுவிட்டது. இன்றைக்கு வந்தவர் நாக்கை மேலண்ணத்தில் தட்டினார்.

“டிக், டிக், டிக்... காலையில எடுத்ததும் இப்படித்தான் வருது. அஞ்சு நிமிசம் ஓடிட்டா நின்னுருது. வண்டி நல்லாத்தான் இழுக்கு. அந்தச் சத்தம் மட்டும் உள்ள கேக்காம பாத்து விட்டுருங்க.”

எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றது. வண்டி எங்கே என்று கேட்டேன்.

“வெளிய வெயில்ல நிக்கு. டிரைவர் உள்ள இருக்கான், ஏசியப் போட்டுக்கிட்டு.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு வெள்ளைக் கார் நின்றது. அதன் கண்ணாடிகள் எல்லாம் ஏறியிருந்தன. டிரைவர் இருக்கை பின்னால் சாய்ந்து கிடந்தது. பேனாவைப் போட்டுவிட்டு ஓடினேன். நான் ஏன் ஓடினேன் என்று இந்த ஊரில் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நீதான் என்று எழுத வந்தேன். இல்லை, உனக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் நீ இந்நேரம் வண்ணார்பேட்டை டீக்கடையில் உட்கார்ந்து என்னைக் கேலி பேசிக்கொண்டிருப்பாய்.

அந்தக் கடையில்தான் நாம் அந்த விளையாட்டைத் தொடங்கினோம். பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் படித்தோம் என்று பெயர். ரோட்டுக்கு முதுகைக் காட்டி பெஞ்சில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, போகிற வண்டி எது என்று புகைக்குழாய்ச் சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். தோற்றவன் டீ வாங்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் வாங்கினேன்.

“மூணு சிலிண்டர்லே. நொண்டிக்கிட்டுப் போவுது பாரு. நாலா இருந்தா நடை சீரா இருக்கும்” என்பாய். ஒவ்வொரு வெடியும் குழாய்க்குள் ஓர் அடியாக விழுகிறது, குழாய் நீளமானால் குரல் கனக்கும், வாய் அகலமானால் கத்தும் என்பாய். சைலன்சரை அறுத்து உள்ளே இருக்கிற அறைகளையும் ஓட்டைக் குழாய்களையும் எனக்குக் காட்டியவன் நீ. “இது வாயப் பொத்துத வேலை இல்லலே. போற சத்தம் செவுத்துல மோதித் திரும்பி, பின்னால வார சத்தத்தோட முட்டிச் சாவுது. சத்தத்த வச்சே சத்தத்தக் கொல்லுதான்.” கொலை என்று சொல்லும்போது உனக்கு அவ்வளவு சந்தோஷம். டீ மாஸ்டர் உன்னைப் பார்த்து, “ஏலே கரிவாயா, கொன்னது போதும், கிளாஸக் குடு” என்பார். பீடி குடித்து உன் உதடு அப்படிக் கறுத்திருந்தது. உன் அம்மாகூட உன்னை அப்படித்தான் கூப்பிட்டாள்.

உன் பைக்குக்கு நீயே குழாய் வளைத்து மாட்டினாய். முருகன்குறிச்சிப் பக்கம் பிடித்து, எல்லார் முன்னாலும் சாவியைப் பிடுங்கினார் ஒரு எஸ்.ஐ. “ஒங்கப்பன் வீட்டு ரோடாலே?” அவர் கேட்டு வாய் மூடவில்லை. யாரோ ஒரு பெரிய இடத்துப் பையன் நம் பைக்கைவிட நாலு மடங்கு கத்துகிற வண்டியில் அந்த வழியே போனான். எஸ்.ஐ. ஒதுங்கி வழிவிட்டார். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் சொன்னாய்: “நம்ம குழாயில கோளாறு இல்லலே. அப்பன்லதான் கோளாறு.” இரண்டு பேரும் பாலம் வரைக்கும் சிரித்துக்கொண்டு வந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

படித்து முடித்தும் உனக்கு வேலை கிடைக்கவில்லை. எனக்கு இந்தக் கவுண்டர் கிடைத்தது. நீ ஆக்டிங் டிரைவர் ஆனாய். சொந்தமாக டிரைவர் வைத்துக்கொள்ளாதவர்கள் தேவைப்படுகிற அன்று மட்டும் கூப்பிடுகிற ஆள். வண்டி அவர்களுடையது, உயிர் உன்னுடையது. டவுன் பாத்திரக்கடை அண்ணாச்சி உன்னை அடிக்கடி கூப்பிட்டார். அவருடைய பெட்ரோல் கார் நீண்ட காலம் குலசேகரன்பட்டினத்தில் அவர் மாமனார் வீட்டு வாசலில் கடற்காற்றில் நின்ற வண்டி. அடியெல்லாம் துரு.

முதல் நாளே நீ என்னிடம் சொன்னாய், காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்கிறது, சூடானதும் நின்றுவிடுகிறது என்று. இன்ஜினும் குழாயும் சேருகிற மூட்டில் கசிகிறது என்று இருவருமே சொன்னோம். அதைச் சத்தம் தருகிற கோளாறாகத்தான் நினைத்தோம், அதற்குமேல் யோசிக்கவில்லை. அண்ணாச்சியிடம் சொன்னாய். அவர், “சத்தம்தானடே? நிறுத்திருவோம்” என்றார். அவர் மகள் காரில் ஏறினாலே தலை வலிக்கிறது என்று அழுதுகொண்டிருந்தாள். வாந்தி வேறு. கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்துகொண்டே வரச் சொன்னார்கள். முன்னால் ஒரு மல்லிகை வாசனைக் குப்பியையும் ஒட்டினார்கள்.

வண்டி ஒர்க்‌ஷாப்புக்குப் போகவில்லை, அலங்காரச் சாமான் கடைக்குப் போனது. பானெட்டுக்கு அடியிலும் தரையிலும் தார் மாதிரி கனமான ஷீட் ஒட்டினார்கள். நாலு கதவுக்கும் புது ரப்பர். குழாயை ஒருவரும் தொடவில்லை. சத்தம் எங்கே பிறக்கிறதோ அங்கே கை வைக்காமல், அது யார் காதில் விழுகிறதோ அந்தக் காதைப் பொத்தினார்கள்.

நீ அந்த வண்டியைத் தாமிரபரணிப் பாலத்துக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்தி, என்னை உள்ளே உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாயே, ஞாபகம் இருக்கிறதா? அந்தக் கதவு சாத்தினபோது காதுக்குள் ஒரு அழுத்தம் வந்தது. ஆற்றில் துணி துவைக்கிற சத்தம் அப்படியே அற்றுப்போனது.

“கண்ண மூடு.”

மூடினேன்.

“ஓடுதா, நிக்குதா? சொல்லு பாப்பம்.”

“நிக்கி.”

“சவத்த மூதி, ஓடுதுலே!” தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாய். உன் வாழ்நாளில் நீ கேட்ட மிக நல்ல சத்தம் அதுதான் என்றாய். அதாவது, ஒன்றும் கேட்காதது.

அடுத்த முகூர்த்தத்தில் அண்ணாச்சி வீட்டார் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். திருச்செந்தூர் ரோட்டில் மண்டபம். நான் அங்கே இல்லை. உன்னோடு அங்கே நின்ற இன்னொரு ஆக்டிங் டிரைவர், களக்காட்டு அண்ணன், பிறகு எனக்குச் சொன்னார். டிரைவர்களுக்கு எப்போதும்போலக் கடைசிப் பந்தி. அதுவரைக்கும் உட்கார ஒரு நாற்காலி கிடையாது. இருந்த ஒரே வேப்பமரத்து நிழலில் பூ ஒட்டின மாப்பிள்ளைக் கார், பூ வாடிவிடாமல் நின்றது. அண்ணாச்சி உன்னிடம் சொன்னாராம்: “வண்டிய ஆஃப் பண்ணிராத. அம்மா ஏறும்போது குளுந்து கெடக்கணும்.” அண்ணாச்சியின் தாயாருக்காக நீ காரைக் குளிரவைத்துக்கொண்டு உள்ளே இருந்தாய். கறிவேப்பிலை வாசம் அடுக்களையிலிருந்து வரும்போது வயிற்றைத் தடவிக்காட்டிக் களக்காட்டு அண்ணனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாயாம். அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு நடந்ததை நான் பலமுறை மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இன்னும் நம்ப முடியவில்லை. எத்தனையோ பேர் உன்னைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். பட்டுப்புடவைகள், ஐஸ்கிரீம் கப்போடு பிள்ளைகள், தாம்பூலப் பை தூக்கினவர்கள். களக்காட்டு அண்ணனே கண்ணாடி வழியாக உன்னைப் பார்த்தார்.

“ஒதடு நல்லா செவந்து இருந்துச்சு தம்பி. சரி, பய எப்படியோ நடுப்பந்தியில பூந்து சாப்பிட்டு, வெத்தலையும் போட்டுட்டு உறங்குதான்னு நெனச்சேன். குடுத்து வச்சவன்னு நெனச்சேன். எழுப்பல. வண்டி ஓடுதுன்னே தெரியலயே தம்பி, ஒரு சத்தம் இல்லயே.”

நீ சாப்பிட்டிருக்கவில்லை. வெற்றிலை போட்டிருக்கவில்லை.

பெரியாஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தேன். பீடிக் கறுப்பு இருந்த இடத்தில் செக்கச்செவேல் என்று ஒரு நிறம். நகமெல்லாம் மருதாணி வைத்தது போல. உன் அம்மா ஒவ்வொருவர் கையாகப் பிடித்து இழுத்தாள். “எம்புள்ள செத்தவன் மாதிரியா இருக்கான்? அந்தக் கரிவாயப் பாருங்கய்யா, எப்படிச் செவந்து கெடக்கு. உயிரு இருக்குய்யா. நல்லாப் பாருங்கய்யா.” யாரும் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். ஒரு கணம் நானும் நம்பினேன். அவ்வளவு ஆரோக்கியமாக நீ உயிரோடு இருந்தபோதுகூட இருந்ததில்லை.

டாக்டர் என்னைத் தனியே நிறுத்திச் சொன்னார். “கார்ப் புகையில இருக்க கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஒட்டினா விடாது தம்பி. ரத்தம் செவப்பாவே நின்னுரும். அதுக்குன்னு ஒரு வாசனை கெடையாது. தல வலிக்கும், உறக்கம் வரும், அவ்வளவுதான்.” குழாய்ப் புகையில் இருக்கிற மற்ற வாசனையை மல்லிகைக் குப்பி பார்த்துக்கொண்டது.

இரும்பு சூடாகி விரிந்ததும் மூட்டின் விரிசல் கொஞ்சம் சேரும், சத்தம் குறையும். கசிவு நிற்காது. புகையைச் சுத்தம் செய்கிற பெட்டி அதற்குப் பின்னால்தான் இருக்கிறது. நிற்கிற வண்டியில், பானெட்டுக்கு அடியிலிருந்து அது மெல்ல மேலே ஏறும். ஏசியின் காற்றாடி அதை இழுத்து உள்ளே விடும். பழைய கதவாக இருந்தால் நாலு இடுக்கு வழியாக வெளியே போயிருக்கும். புது ரப்பர் ஒன்றையும் விடவில்லை.

உன் வீட்டு வாசலில் சாமியானாவுக்குக் கீழே அண்ணாச்சி நின்றார். பக்கத்தில் அவர் மைத்துனர். முதலில், குடித்திருப்பான் என்று பேசிக்கொண்டிருந்தவர்கள், ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை என்று சொன்ன பிறகு வேறு பேச்சுக்கு மாறினார்கள்.

“டிரைவருக்கு எதுக்குவே ஏசி? மரத்தடியில துண்ட விரிச்சுப் படுத்திருந்தா இந்தக் கதி வருமா?” என்றார் மைத்துனர்.

“எந்த மரம்?” என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. களக்காட்டு அண்ணன் பைய முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை. “அம்மா ஏறும்போது குளுந்து கெடக்கணும்னு சொன்னது யாரு அண்ணாச்சி? நான் பக்கத்துலதான நின்னேன்.”

அண்ணாச்சி செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கெட்டவர் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியாதது. கெட்டவர் ஒருவர்கூட இதில் இல்லை. ஒரு டிரைவருக்கு நாற்காலி போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். அதற்குப் போய் ஒரு ஆள் சாவானா? செத்தாய். அந்த மண்டபத்தில் அடுத்த முகூர்த்தத்துக்கும் கல்யாணம் நடந்தது. நான் போய்ப் பார்த்தேன். டிரைவர்கள் கார்களுக்குள் இருந்தார்கள், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு.

அன்றிலிருந்து நான் நம் விளையாட்டை விளையாடுவதில்லை. காதை நம்புவதில்லை. நிற்கிற கார் எதைப் பார்த்தாலும் பின்னால் போய்க் குழாய் வாய்க்கு நேராகக் கையை நீட்டுகிறேன். சூடான காற்று கையில் பட்டால், உள்ளே ஆள் இருந்தால், கண்ணாடியைத் தட்டுகிறேன். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களுக்கு நான் ஒரு வேடிக்கை. “மாப்ள டயருக்குக் காத்துப் புடிச்சுப் பாக்குதாரு” என்கிறார்கள்.

இன்றைக்கும் அப்படித்தான். ஓடிப்போய்க் கையை நீட்டினேன். சுட்டது. வெளியே நின்ற எனக்கே ஒரு சத்தமும் கேட்கவில்லை, அவ்வளவு வாகன இரைச்சல் ரோட்டில். கண்ணாடியைத் தட்டினேன். அசைவில்லை. கதவு உள்ளே பூட்டியிருந்தது. கார்க்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். “என்னவே, என்னாச்சு?” இரண்டு முஷ்டியாலும் குத்தினேன். எனக்குக் கேட்டது அவர் குரல் இல்லை. உன் அம்மாவின் குரல்தான், நல்லாப் பாருங்கய்யா, நல்லாப் பாருங்கய்யா என்று.

டிரைவர் கண்ணைத் திறந்தான். நம் வயதுதான் இருக்கும். வாயோரத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கினான்.

“ஏம்வே, கண்ணாடிய ஒடைக்கப் போறீரா? மனுசன் கண்ணசரக் கூடாதா?”

“எறங்கு.”

“எதுக்கு?”

“தல வலிக்கா?”

என்னை ஒரு மாதிரி பார்த்தான். “ஆமா, ரெண்டு நாளா. வெயிலு.”

இழுக்காத குறையாக அவனை உள்ளே கூட்டிவந்தேன். எங்கள் ஷோரூமில் டிரைவர்கள், வண்டிக்குத் தண்ணீர் அடிக்கிற இடத்துப் பெஞ்சில்தான் உட்கார வேண்டும். நான் அவனை வாடிக்கையாளர் நாற்காலியில் உட்காரவைத்தேன். மேனேஜர் தன் அறைக்குள்ளிருந்து கையால் என்ன என்று கேட்டார். நானும் கையால் என்ன என்று கேட்டேன். சாவி என் பையில் இருந்தது. ஜாப் கார்டில் சத்தம் என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, புகைக் கசிவு, சரி செய்யும்வரை யாரும் உள்ளே உட்காரக் கூடாது என்று எழுதினேன்.

“ஒரு சத்தத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சாயங்காலம் ஒரு விசேசத்துக்குப் போணும்வே” என்றார் வந்தவர்.

“ஆட்டோவுல போங்க” என்றேன்.

டிரைவர் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு என்னைத் திட்டத் தொடங்கினான். நல்ல உறக்கத்தைக் கெடுத்தேன் என்றான். முதலாளி முன்னால் மானத்தை வாங்கினேன் என்றான். என் அப்பனை இழுத்தான், பாட்டனை இழுத்தான். நான் பக்கத்திலேயே நின்றேன். அவன் சொன்னது எதுவும் என் மனதில் ஏறவில்லை. அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பீடியில் கறுத்த, வெடித்த, கரி மாதிரி உதடு.