அம்மாவின் மூக்குத்தியைக் காணோம்

புதன் இரவு, ஸ்ரீரங்கம்

நாங்கள் வடிவமைத்த செல்போன் கேமரா சிப் நாளைக்குத் தயாரிப்புக்குப் போக வேண்டும். கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று கே.கே. நகர் ஆபீஸிலிருந்து மாதிரி போர்டை வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மாவைக் கூடத்துக் கோடியில் உட்காரவைத்துப் படம் பிடித்தேன். திரையைப் பார்த்தவள் சட்டென்று மூக்கைத் தொட்டாள்.

"மூக்குத்தி இருக்கேடி! இதுல மட்டும் ஏன் காணோம்?"

தப்பு என்னுடையதுதான். சென்சாரில் ஒரு பிக்சல் கெட்டால் படத்தில் வெள்ளைப் புள்ளி விழும். அக்கம்பக்கத்தோடு ஒட்டாமல் தனியாக மின்னுவதையெல்லாம் அழித்துவிடு என்று சிப்புக்கு விதி எழுதியவள் நான். அது அம்மாவின் மூக்குத்தி வைரத்தையும் அழித்துவிட்டது.

வெளிநாட்டில் படித்தபோது வீடியோ காலில் அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடையும். மூக்குத்தி மட்டும் மின்னிக்கொண்டிருக்கும். ஒருநாள், "ஊருக்கே வந்துடட்டுமாம்மா?" என்று அழுதேன். லைனில் அம்மாவின் குரல் அறுந்துவிட்டது. அந்தப் புள்ளி மட்டும் மேலும் கீழும் அசைந்தது. மறுவாரமே டிக்கெட் எடுத்துவிட்டேன்.

சிப்பை நாளைக்கு அனுப்ப முடியாது என்று டீம் லீடருக்குப் போன் செய்தேன்.

"ஒரு மூக்குத்திக்காகவா?" என்று கத்தினார்.

"நம்ம ஊர்ல எத்தனை மூக்குத்தி இருக்குன்னு எண்ணிட்டு வாங்க சார்" என்றேன்.

கெட்ட பிக்சல் இருந்த இடத்தைவிட்டு நகராது. அதனால் இப்போது ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: புள்ளி அசைந்தால் தொடாதே.